முதல் வரிசை ஜன்னல் சீட்

எங்கள் கம்பெனி பஸ் பெரம்பலூரில் கிளம்பும்போது அதில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டியதில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கூட ஒரு வாரத்தில் தன் இடத்தைத் தெரிந்துகொண்டுவிடுவார். தெரியாமல் வேறு இடத்தில் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஒரு பார்வை பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

கடைசி நீள சீட் யூனியன்காரர்களுக்கு. யாருக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுப்பது, யார் லீவுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பதெல்லாம் ஆலைக்குள் போவதற்கு முன்பே அங்கே முடிவாகிவிடும். நடுவில், காதில் வயரை மாட்டிக்கொண்டு தூங்குகிற பையன்கள். மூன்றாவது வரிசையில் நானும், ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் என் தோழியும். முதல் வரிசையில், டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள ஜன்னல் சீட் எங்கள் லேப் மேனேஜருக்கு. மற்ற துறைத் தலைவர்கள் எல்லாம் ஆலைக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள், இல்லையென்றால் காரில் வந்தார்கள். அதனால் பஸ்ஸில் வருகிறவர்களில் அவர்தான் பெரிய ஆள். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார்.

ஆலை அரியலூர் பக்கம். அரியலூரைச் சுற்றி இருக்கும் சிமெண்ட் ஆலைகளில் ஒன்று என்று மட்டும் சொன்னால் போதும். நான் அங்கே லேப்பில் கெமிஸ்ட். வெளியாட்களுக்கு என் வேலையை இப்படித்தான் விளக்குவேன். சுண்ணாம்புக்கல்லை அரைத்துப் பெரிய சூளையில் போட்டு வேக வைத்தால் கோலிக்குண்டு மாதிரி கறுப்பாக ஒரு பொருள் வரும். கிளிங்கர் என்போம். அதை அரைத்தால் சிமெண்ட். சூளையில் சரியாக வேகாவிட்டால், சுண்ணாம்பு மற்றதோடு சேராமல் அதற்குள் தனியாக நின்றுவிடும். அப்படிப்பட்ட கிளிங்கர் சிமெண்ட்டில் போனால், வீடு கட்டி முடித்த பிறகு உள்ளே உப்பி, சுவர் விரிசல் விடும். அது நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் லேப். வேகாத சரக்கு வந்தால், நல்ல குவியலில் சேர்க்காமல் தனிக் குவியலுக்குத் திருப்பி விடுங்கள் என்று நாங்கள் சொல்ல வேண்டும். தனிக் குவியலுக்குப் போனது அன்றைய உற்பத்தியில் சேராது. ஆகவே சூளையை ஓட்டுகிற புரொடக்ஷன்காரர்களுக்கு எங்களைப் பிடிக்காது. சமைக்கிறவருக்கும், வாயில் வைத்துப் பார்த்துவிட்டு உப்பு இல்லை என்று சொல்கிறவருக்கும் உள்ள உறவுதான்.

எங்கள் மேனேஜர் ஓய்வு பெற்றபோது அந்த இடம் லேப்பிலேயே மூத்த கெமிஸ்டுக்குத்தான் போகும் என்று ஆலை முழுக்க நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். பிள்ளைகள் படிப்புக்காகப் பெரம்பலூரில் குடியிருந்தார். ஆலையில் முதல் மூட்டை சிமெண்ட் இறங்கிய காலத்திலிருந்து இருப்பவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். கேண்டீனில் டீ அவருக்குத்தான் முதலில் வரும். ஆனால் அவர் படித்தது டிப்ளமோ, நான் எம்.எஸ்ஸி. தலைமை அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. வருஷக் கடைசி வரைக்கும் பொறுப்பாகப் பார்க்கட்டும், சரியாக வந்தால் நிரந்தரமாக்கலாம் என்று என்னைப் போட்டார்கள்.

சரியாக வராவிட்டால் என்ன என்பதையும் புரொடக்ஷன் தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஆந்திராவில் இருக்கும் எங்கள் இன்னொரு ஆலையில் லேப்புக்கு ஆள் கேட்கிறார்களாம், இங்கே ஒத்துப்போகாதவர்களுக்கு அங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். என் கணவருக்குப் பெரம்பலூரில் அரசுப் பள்ளியில் வேலை. மகள் பிளஸ் டூ. மாற்றல் வந்தால் நான் போக மாட்டேன், வேலையைத்தான் விடுவேன். அது புரொடக்ஷன் தலைவருக்கும் தெரியும். சாக்பீஸ் சம்பளத்தில் தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த வேலை எவ்வளவு பெரியது என்பது எனக்குத்தான் தெரியும்.

அறிவிப்பு வந்த அன்று மாலை அண்ணன் என் மேஜைக்கு வந்து கை கொடுத்தார். "வாழ்த்துக்கள் மேடம்" என்றார். அதுவரைக்கும் நான் அவருக்கு 'ஏம்மா'தான். "ஏம்மா, அந்த பியூரெட்ட எடு", "ஏம்மா, சாப்டியா?" ஒரே நாளில் மேடம் ஆகிவிட்டேன். மூக்கில் குத்தியது போல இருந்தது. சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஏறினேன். முதல் வரிசை ஜன்னல் சீட் காலியாக இருந்தது. அத்தனை பேரும் அதற்கு முந்தைய நிமிஷம் வரைக்கும் எதையோ பேசிக்கொண்டிருந்தவர்கள், சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். அண்ணன் வழக்கம்போல் இரண்டாவது வரிசையில் இருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய் என் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். டிரைவர் கண்ணாடியில் அந்தக் காலி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். யாரும் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடவில்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்கு என் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது. எவ்வளவு பெருந்தன்மை! இத்தனை வருஷம் இருந்த மனிதரின் கண் முன்னால் போய் அந்த சீட்டில் உட்காருவதா? நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று பஸ்ஸுக்கே காட்டிவிட்டேன். வீட்டில் கணவரிடமும் சொல்லி ஒரு பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த சீட் அப்படியே காலியாகக் கிடந்தது. நானும் உட்காரவில்லை, அவரும் உட்காரவில்லை, வேறு யாருக்கும் தைரியம் இல்லை. மழைக் காலம் தொடங்கியதும் டூ வீலரில் வருகிறவர்களும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரியலூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்கள். ஜன்னல் சீட் மட்டும் ராஜா மாதிரி தனியாகப் பயணம் செய்தது. என் தோழிக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு, கணவர் துபாயில், வாய் மட்டும் எப்போதும் இங்கேயேதான். அவள் என் காதில், "ஏங்க்கா, அந்த சீட்டுல ஜின்னு கின்னு எதும் குடியிருக்கா? சொன்னா நான் தூரமா உக்காந்துக்கறேன்" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

லேப்பில் கதை வேறு மாதிரி போனது. நான் ஒரு வேலை சொன்னால், கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அண்ணன் முகத்தைப் பார்ப்பார். அவர் கண்ணை மூடித் திறந்தால் வேலை நடக்கும். லேப்பின் வாட்ஸாப் குழுவில் நான் எதையாவது போட்டால், அவர் கட்டைவிரல் போட்ட பிறகுதான் மற்ற கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழும். சூளையின் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். நான் எடுத்தால், "அண்ணன் இல்லீங்களா?" என்பார்கள். என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணும் இல்லீங்க மேடம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார்கள். ஐந்து நிமிஷத்தில் அண்ணனின் செல்போன் அடிக்கும். அவர் அதை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆலைக்கும் தெரிய வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு காலைக் கூட்டத்தில் கறாராகச் சொன்னேன். இனிமேல் எந்த ரிசல்ட்டும் நான் பார்க்காமல் லேப்பை விட்டு வெளியே போகக் கூடாது. எந்தச் சாம்பிளைத் திரும்பப் பார்ப்பதென்றாலும் என்னைக் கேட்க வேண்டும். எல்லோரும் "சரிங்க மேடம்" என்றார்கள். அவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் அதற்கு முன்பு எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அப்படியே செய்தார்கள். அட்சரம் பிசகாமல் செய்தார்கள். சிமெண்ட் எவ்வளவு நைசாக அரைபட்டிருக்கிறது என்று காட்டும் எண் கையில் இருக்கும், மில்லில் இருப்பவர் அதற்காகக் காத்திருப்பார், நான் மீட்டிங்கில் இருப்பேன். லேப்பில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள், "மேடம் பாக்கலீங்க" என்பார்கள். நான் திரும்பி வந்தால் என் மேஜைக்கு முன்னால் ரேஷன் கடை போலக் கூட்டம் நிற்கும். பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் மூன்று பேர் கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் ஆலையின் தலைவர், நாங்கள் யூனிட் ஹெட் என்று சொல்பவர், லேப்புக்கு என்ன ஆயிற்று என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். புரொடக்ஷன் தலைவர் மேஜையைப் பார்த்துப் புன்னகை செய்தார். எனக்கு ஆந்திரா ரயில் கூவுவது கேட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் எதிர்க்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "மாச கடைசி வரைக்கும் பாரு" என்றார். அவர் பயந்து போயிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது.

அடுத்த வாரம், நல்ல மழை பெய்த ஒரு காலையில், பஸ்ஸில் ஏகப்பட்ட கூட்டம். ஒர்க் ஷாப்பில் முட்டி வலிக்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஏறியதும் அண்ணன் தன் இரண்டாவது வரிசை சீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். நின்ற இடம் அந்தக் காலி சீட்டுக்குப் பக்கத்தில். வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலி சீட்டை இடித்துக்கொண்டு நின்றார். பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள், யாரோ சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்க்கவே முடியவில்லை.

பேரளியைத் தாண்டியதும் பஸ் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம், ஆலையிலிருந்து வேறு வண்டி வர வேண்டும் என்றார் டிரைவர். மழை விட்டிருந்தது. எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றார்கள். ஒரு பக்கம் மக்காச்சோளக் கொல்லை, மறு பக்கம் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகும் சிமெண்ட் லாரிகள். அண்ணன் கூட்டத்தை விட்டு விலகி என் பக்கம் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அந்த சீட்டுல ஏன் உக்கார மாட்டேங்கறீங்க?"

உங்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இழைந்தது. பாராட்டை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

"எனக்கு மரியாதையா?" என்றார். "தினம் பஸ்ஸுல ஏறுனதும் அத்தன பேரும் மொதல்ல அந்தக் காலி சீட்டப் பாக்கறான். அப்புறம் என்னப் பாக்கறான். எனக்குக் கெடைக்கலங்கறத தினம் ஒரு தடவ போஸ்டர் அடிச்சு ஒட்டற மாதிரி இருக்குங்க. நீங்க உக்காந்துட்டா எனக்கு ஒரு நாள் கஷ்டம். அதோட முடிஞ்சிரும்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்லது செய்தவளுக்குக் கிடைத்த மரியாதை இதுதானா என்று பொங்கியது. அப்படியானால் லேப்பில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தானே வேலை செய்கிறார்கள், அதற்கு நான் என்ன செய்வது என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, என் தோழி தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"பாக்காதன்னு நான் சொன்னா கேப்பாங்களா?" என்றார் அவர். "ஒங்க சீட்டுல நீங்களே உக்காரல. அப்புறம் அவன் யாரப் பாப்பான்?"

அவர் மறைக்காமல் சொன்னார். பதவி கிடைக்காததில் வருத்தம்தானாம், இல்லை என்றால் பொய்யாம். வீட்டில் மனைவி இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லையாம். ஆனால் என்னைக் கவிழ்க்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை, வராந்தாவுக்குப் போய்ப் பேசியதுகூட என் முன்னால் பேசினால் எனக்குச் சங்கடம் என்றுதானாம். இருவரும் ஒருவருக்கொருவர் பெருந்தன்மை காட்டிக் காட்டியே லேப்பை நாசம் செய்துகொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஆனால் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. மாற்று வண்டி வந்தபோது எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது மாதிரி இருந்தது. பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, ஆனால் என்ன பிரச்சினை என்றாவது தெரிந்துவிட்டதே.

மறுநாள் முதல் வரிசை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டது. காது மடலெல்லாம் எனக்குச் சூடாக இருந்தது. டிரைவர் மட்டும் முகம் மலர்ந்து, உடனே வண்டியை எடுத்தார். அந்த சீட்டில் எதிர்வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, கால் நீட்ட இடமில்லை, இன்ஜின் சூடு வேறு. இதற்கா இத்தனை பாடு என்று தோன்றியது. இறங்கும்போது தோழி, "எப்புடிக்கா இருக்கு சிம்மாசனம்?" என்று கேட்டாள். முதுகு வலிக்கிறது என்றேன். ஒரு வாரம் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு அவரவர் தூக்கம் அவரவருக்கு.

காலைக் கூட்டத்தில் என் பழைய கட்டளையை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன். வழக்கமான ரிசல்ட்டெல்லாம் முன்பு போலவே போகட்டும், வம்பு வருகிற ரிசல்ட் மட்டும் என்னிடம் வரட்டும், அந்த வம்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சூளை சம்பந்தப்பட்டது எல்லாம் அண்ணன் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். சரக்கைத் தனிக் குவியலுக்குத் திருப்பச் சொல்வது என்றால் மட்டும் நாங்கள் இருவரும் பேசி, நான் சொல்வேன். இந்த முறை அவர்கள் சரி என்றது முன்பு போல் ஒரே குரலில் இல்லை, ஆளுக்கொரு மாதிரி இழுத்து இழுத்து வந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

சொன்னதை நம்புவதற்கு அவர்களுக்கு ஒன்று நடக்க வேண்டியிருந்தது. அதுவும் நடந்தது. வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் எங்கள் லேப்பில் டெஸ்ட் பார்ப்பாள். அவள் சொன்ன ஒரு எண் பிடிக்காமல், கண்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு ஆள் போனில் அவளைத் தாறுமாறாகத் திட்டிவிட்டான். அவள் கண் கலங்கி நின்றாள். நான் போனில் பேசவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்கே நடந்து போனேன். அந்த எண் லேப்பின் எண், லேப் என் பொறுப்பு, திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொன்னேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அன்றைக்குத்தான் ஆலைக்கு உண்மையாகத் தெரிந்தது. நான் திரும்பி வந்தபோது லேப்பில் எனக்கு டீ வாங்கி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் அதன் பிறகு எதற்கும் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களும் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள்.

வருஷக் கடைசி நெருங்கியது. மழை விடாமல் பெய்து நிலக்கரியெல்லாம் ஊறிப்போய், சூளை காய்ச்சல்காரன் போல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ஒரு நாள் காலையில் வந்த கிளிங்கரில் தனிச் சுண்ணாம்பு அளவுக்கு மேல் இருந்தது. திரும்பப் பார்த்தோம். அப்படியேதான் இருந்தது. அடுத்த சாம்பிள் இன்னும் மோசம். அண்ணன் கண்ணாடிக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். திருப்பி விடச் சொல்ல வேண்டியதுதான் என்று இருவருக்கும் தெரிந்தது. நான் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர்கள் திருப்பவில்லை. அந்த மாத உற்பத்திக் கணக்கு ஏற்கெனவே இடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணனின் செல்போன் அடித்தது. புரொடக்ஷன் தலைவர். லேப் மொத்தமும் கைவேலையை நிறுத்திவிட்டது. இந்த முறை அண்ணன் வராந்தாவுக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே எடுத்தார். எதிர்முனைக்காரர் என்ன சொல்கிறார் என்பது எங்களுக்குக் கேட்டது. நல்ல சரக்கோடு கலந்து அடித்தால் யாருக்கும் தெரியாது, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணே, அந்தம்மாவுக்குப் புரியாது என்று கொஞ்சினார்.

அண்ணன் ரிசல்ட் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவர் மட்டும், அடுத்த சாம்பிளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இழுத்திருந்தால் போதும், என் கதை அன்றோடு முடிந்திருக்கும். மேனேஜர் சொன்னதை லேப்பே ஏற்கவில்லை என்று ஆகியிருக்கும். ஆந்திராவுக்கு வேறு காரணமே தேவையில்லை.

"மேடம் சொன்னதுதான் சார்," என்றார் அவர். "நானும் பாத்தேன். திருப்பி விட்டுருங்க."

பத்து நிமிஷத்தில் புரொடக்ஷன் தலைவர் நேரில் வந்துவிட்டார், பின்னாலேயே யூனிட் ஹெட்டும். புரொடக்ஷன் தலைவர் என்னைப் பற்றி நிறையப் பேசினார். அனுபவம் இல்லை, பயந்து பயந்து ஆலையை நிறுத்தப் பார்க்கிறார், லேப்பில் யாரும் இவர் பேச்சைக் கேட்பதில்லை என்றார். அந்தக் கடைசி வார்த்தை அவர் வாயிலிருந்து வரும்போது, அந்த வரதராஜன்பேட்டைப் பெண் அடுத்த சாம்பிளின் ரிசல்ட்டோடு வந்து, யூனிட் ஹெட்டைத் தாண்டி, அண்ணனைத் தாண்டி, என்னிடம் சொன்னாள். தனிச் சுண்ணாம்பு இன்னும் இறங்கவில்லை. யூனிட் ஹெட் அண்ணனைப் பார்த்து நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். சொல்லியாயிற்று சார் என்று மட்டும் அவர் பதில் சொன்னார். யூனிட் ஹெட் ஈரக் குடையை உதறிக்கொண்டே, "அப்ப என்ன, திருப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் சூளை சீராகிவிட்டது, சரக்கு மீண்டும் நல்ல குவியலுக்குப் போனது. சாயங்காலம் யூனிட் ஹெட் என்னைக் கூப்பிட்டு, இடம் என்னுடையதுதான், தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன் என்றார். வேறு ஏதேதோ சொன்னார், எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வெளியே வந்து சாம்பிள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷம் என்று சொல்வதைவிட, அப்பாடா என்பதுதான் சரி. கணவருக்குப் போன் செய்தேன். அவர், "அப்ப பால் வாங்கிட்டு வரட்டுமா, பாயசம் வைக்கலாம்" என்றார். மாசக் கணக்கில் அவர் குரலில் நான் கேட்காத சத்தம் அது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது லேப்பில் அண்ணன் மட்டும் இருந்தார். கழுவுத் தொட்டியில் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அது அவர் வேலையே இல்லை. நான் அவர் பக்கத்தில் போய் நன்றி சொன்னேன். அவர் குழாயை மூடவில்லை, திரும்பவும் இல்லை.

"இத்தன வருஷத்துல நான் ஒரு தடவகூட புரொடக்ஷன்காரங்களுக்கு இல்லன்னு சொன்னதில்லீங்க மேடம்," என்றார். "அதனாலதான் எல்லாருக்கும் நான் அண்ணன். அது எனக்குத் தெரியும்."

அவருடைய செல்வாக்கைப் பார்த்து எத்தனை நாள் வயிறெரிந்திருக்கிறேன். அவர் கையில் இருந்த குடுவையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழாயை மூடினார். என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"இன்னிக்குச் சொல்லிட்டேன். ஒண்ணும் ஆவல பாருங்க."